விளம்பரப் பாட்டு தலையை விட்டுப் போக மறுக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 38. கடைக்குப் போய் வந்தால், அங்கே ஒலித்த சலவைத்தூள் விளம்பரத்தின் பாட்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதில் நான் ஆசையாகக் கேட்ட பழைய பாட்டைத்தான் அந்த விளம்பரத்துக்கு எடுத்திருக்கிறார்கள். படுத்தாலும் நிற்பதில்லை. இது மனநோயின் தொடக்கமா?

பதில்: இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஃபின்லாந்தில் 12,000-க்கும் அதிகமானவர்களிடம் இணையம் வழியாகக் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் வாரம் ஒரு முறையாவது இப்படி ஏதாவது ஒரு பாட்டு ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் 'காதுப்புழு'. பெயர்தான் அருவருப்பாக இருக்கிறது, ஆபத்து ஒன்றுமில்லை.

ஏன் புது மெட்டை விடப் பழகிய பாட்டு விளம்பரத்துக்கு வசதி? 2005-இல் ஓர் ஆய்வில், தெரிந்த பாட்டை ஓடவிட்டு நடுநடுவே ஒலியை நிறுத்தினார்கள். அந்த மௌனத்திலும் மூளையின் கேட்கும் பகுதி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. விட்ட இடத்தை மூளை தானாகவே பாடி நிரப்பிவிடுகிறது. விளம்பரமோ பல்லவியில் இரண்டு வரியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். மிச்சத்தைச் சம்பளம் வாங்காமல் நீங்கள் பாடுகிறீர்கள்.

ஆகவே, விரட்டாதீர்கள். 'நினைக்கக் கூடாது' என்று முனைந்தால் இன்னும் இறுகும். அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். அரைகுறையாக நிற்பதே அது சுற்றிச் சுற்றி வரக் காரணம் என்று கருதுபவர்கள் உண்டு.

சூயிங்கம் மெல்வதும் உதவும். சிரிக்காதீர்கள், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2015-இல் சோதித்துப் பார்த்த உத்தி இது. மனதுக்குள் பாடுவதற்கும் வாயசைவைத் திட்டமிடும் பகுதிகள் தேவைப்படுகின்றன. தாடை வேறு வேலையில் இருந்தால் பாட்டு தடுமாறுகிறது. குறுக்கெழுத்துப் போடலாம், ஆனால் மிக எளிதாகவும் இருக்கக் கூடாது, மிகக் கடினமாகவும் இருக்கக் கூடாது. இரண்டிலும் மனம் அலைந்து பாட்டிடமே திரும்பிவிடும்.

இனி தூக்கம். 'படுக்கும் முன் மெல்லிய வாத்திய இசை கேளுங்கள்' என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியவன் நான். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு நிறுத்திக்கொண்டேன். பிரபலமான பாட்டுகளின் சொற்களை நீக்கி இசையை மட்டும் கேட்டவர்களுக்குத்தான் அதிகமாக ஒட்டிக்கொண்டதாம்; தூக்கமும் கெட்டதாம். அதற்குப் பதிலாக, பத்து நிமிடம் மறுநாள் வேலைகளைத் தாளில் எழுதிவிட்டுப் படுங்கள்.

பாட்டு தலைக்குள் ஓடாமல், பக்கத்து அறை வானொலியிலிருந்து வருவதுபோல வெளியே கேட்டால் அது வேறு விஷயம். காது மந்தமான முதியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம்; செவித்திறன் பரிசோதனை அவசியம். பாட்டை இத்தனை முறை முடித்தால்தான் அடுத்த வேலை என்று மனம் கட்டாயப்படுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டுமே இல்லை.