ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வடிந்த அளவுதான் கணக்கு, வண்டிக் கையேட்டில் உள்ள 8 லிட்டர் இல்லை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும்போது, கையேட்டில் 8 லிட்டர் என்று போட்டிருக்கிறது, வடித்தபோது மூன்றரைதான் வந்தது, மொத்த எட்டையும் ஊற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மீதி ஆயில் எங்கும் போய்விடவில்லை, டார்க் கன்வர்ட்டரிலும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூலர் குழாய்களிலும் அப்படியே நிற்கிறது, ட்ரெயின் பிளக்கை, அதாவது ஆயில் வடிக்கும் அடித் திருகைக் கழற்றினால் அடியில் தேங்கியிருப்பது மட்டும்தான் இறங்கும். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையில் பிரஷர் நிற்காது, கியர் வழுக்கும்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில வினாடி நிறுத்தி, பார்க்கிற்குக் கொண்டுவந்து, சமதளத்தில் ஆயில் சூடானதும் அளவு பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதுதான் பார்ப்பது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள பல ஹோண்டாக்களில் மட்டும் அணைத்த உடனே.

இந்த ஒரு தடவையில் பாதிகூட மாறவில்லை என்பது உண்மைதான். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புதிதாகிவிடும்.

சரி, பிளக்கில் காந்தம் இருந்ததா? அதில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடுங்கள். விரலில் நெருடும் உலோகத் துண்டுகள் என்றால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், அது ஆயிலால் தீராது.