ஜூலை மாதச் சூரியன் எந்தப் பக்கம்?

கேள்வி: என் மகள் ஐந்தாம் கிரேடில் படிக்கிறாள். சென்ற பருவத் தேர்வின் அறிவியல் தாளில் மூன்று கேள்விகளுக்கு அவளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஜூலை மாத நண்பகலில் மொரீஷியஸில் சூரியன் எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்குத் தெற்கு என்றும், பகல் மிக நீண்டிருக்கும் மாதம் எது என்பதற்கு ஜூன் என்றும், நம் தீவை நெருங்கும் புயல் எப்படிச் சுழலும் என்பதற்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் என்றும் எழுதியிருந்தாள். மூன்று விடைகளும் அவளுடைய வழிகாட்டி நூலில் அப்படியே உள்ளன. டியூஷன் ஆசிரியரும் அவையே சரி என்கிறார். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இவ்வாறே எழுதியிருக்கிறார்கள். பாடநூலில் நேரடியாக இல்லாதவற்றைக் கேட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா? பெற்றோர் கையெழுத்திட்டுப் பள்ளிக்கு மனு கொடுக்க இருக்கிறோம். பத்திரிகை எங்களுக்கு ஆதரவாக எழுத வேண்டும்.
– ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: ஆதரவாக எழுத இயலாது, அம்மா. மூன்று விடைகளும் தவறானவை. பாதி வகுப்பு ஒரே தவற்றை எழுதியிருக்கிறது என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டுகிறது, விடையைச் சரியாக்கிவிடாது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் கடக ரேகையை ஒட்டி, அதாவது நமக்கு வெகு வடக்கே, நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே இங்கிருந்து பார்ப்பவருக்கு நண்பகல் சூரியன் வடக்கில்தான் தெரியும். இதற்குப் பாடநூலும் வேண்டாம், வழிகாட்டி நூலும் வேண்டாம். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை முற்றத்தில் செங்குத்தாக நட்டு, பகல் 12 மணி 12 நிமிட அளவில் பார்த்தால், ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் நீளத்துக்கு நிழல் தெற்கு நோக்கி விழுந்திருக்கும். (சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, நம் கடிகாரம் 60 பாகை தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது, தீவோ அதற்குச் சற்று மேற்கே இருக்கிறது.) நிழல் தெற்கே விழுந்தால் சூரியன் வடக்கே இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும்.

அந்த வழிகாட்டி நூல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்டதாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே கிடக்கிறது. சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். ஜூலை நடுவில் சூரியன் உச்சியில் நிற்பது வடக்கே 21 பாகையைக் கடந்து. ஆகவே அந்த மாத நண்பகலில் சென்னைக்காரருக்கும் சூரியன் வடக்கில்தான் தெரியும். எப்போதும் தெற்கு என்ற விடை கடக ரேகைக்கு அப்பால் உள்ள டில்லிக்கும் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் பொருந்தும். அந்த ஊர்களில் ஒன்றுக்காக எழுதப்பட்டதை யாரோ எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், அதற்கு நாம் பணமும் கொடுக்கிறோம்.

இரண்டாம் கேள்வி இதைவிட எளியது. அதனால் எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். டிசம்பர் விடுமுறையில் உங்கள் மகள் மாலை ஆறரை மணிக்கும் வெளிச்சத்தில் விளையாடியிருப்பாள். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்து, வீட்டில் விளக்கைப் போட்டிருப்பீர்கள். டிசம்பர் 21ஐ ஒட்டி நமக்குப் பகல் சுமார் 13 மணி 20 நிமிடம், ஜூன் 21ஐ ஒட்டி 11 மணிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் உடலால் உணர்ந்து வளர்ந்த பிள்ளை, தேர்வுத் தாளைக் கண்டதும் தான் கண்டதை ஒதுக்கிவிட்டு அச்சில் இருந்ததை எழுதுகிறது. அப்படிச் செய்யப் பழக்கியவர்கள் பெரியவர்கள்.

நம் வீட்டுப் பண்டிகையையே எடுத்துக்கொள்ளலாம். தைப் பொங்கலைச் சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் காலத்தின் விழா என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், அது சரியே. ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பின் இந்தியாவில் பகல் வளர்கிறது, நமக்கோ குறைகிறது. பொங்கலன்று இங்கே சூரியன் உச்சிக்கு ஒரு பாகை அளவே தெற்கே நிற்பதால், அதே ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நண்பகலில் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், அதுவும் வடக்குப் பக்கமாக. சுமார் நவம்பர் 21 முதல் ஜனவரி 20 வரை மட்டுமே நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே இருக்கிறது. அந்த இரு எல்லை நாட்களில் நேர் உச்சியில் வந்து, குச்சியின் நிழலையே இல்லாமல் செய்துவிடுகிறது. ஜனவரி இறுதியில் தைப்பூசம் வரும் ஆண்டுகளில், நண்பகலில் காவடி எடுத்துத் தார்ச்சாலையில் நடப்பவர்களின் நிழல் அவர்கள் காலடியிலேயே ஒடுங்கிக் கிடப்பது இதனால்தான். கேள்வித்தாளில் 'ஜூலை மாதம்' என்று குறிப்பிட்டிருப்பதைப் பாருங்கள். மாதத்தைச் சொல்லாமல் கேட்டிருந்தால் உங்கள் மனுவுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். கேட்டவர் கவனமாகவே கேட்டிருக்கிறார்.

புயல் பற்றிய கேள்வி ஐந்தாம் கிரேடுக்குச் சற்றுக் கனமானது என்பதை ஏற்கிறேன். பூமியின் சுழற்சியால் காற்றின் பாதை தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாகவும் விலகுகிறது என்ற காரணத்தை இந்த வயதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கேட்டது காரணத்தை அல்ல, திசையை. 2024 பொங்கலன்று பெலால் புயலால் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை எல்லோரும் கண்டோம். புயல் வரும்போதெல்லாம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் படங்களில் மேகங்கள் கடிகார முள் செல்லும் திசையிலேயே சுழல்கின்றன. எதிர்த்திசையில் சுழல்பவை வங்காள விரிகுடாப் புயல்கள்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். ஆரம்பப் பள்ளியின் இறுதித் தேர்வாக இருந்த சி.பி.ஈ. 2016உடன் முடிந்து, அதன் இடத்தில் ஆறாம் கிரேடு முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு 2017இல் வந்தபோது, பதினோரு வயதுப் பிள்ளைகளைப் பந்தயத்தில் ஓடவிடும் வழக்கம் தணியும் என்று சொல்லப்பட்டது. அறிவியலிலும் வரலாறு-புவியியலிலும் ஒரு பகுதியை ஐந்தாம் கிரேடிலேயே எழுதிவிடும் முறையும் சுமையைப் பிரிப்பதற்காகவே வந்தது. வீடுகளிலோ அச்சம் ஓராண்டு முன்னதாகத் தொடங்கிவிட்டது. முன்னணி மாணவர்களுக்கான அகாடமி மேல்நிலைப் பள்ளிகளில் இடம் பிடிக்கும் போட்டி ஒன்பதாம் கிரேடுக்குத் தள்ளிப்போயும் நம் பதற்றம் அதனுடன் போகவில்லை. ஆரம்பப் பள்ளித் தேர்வின் தரவரிசையில் தமிழ், இந்தி, உருது போன்ற கீழை மொழிகளைச் சேர்ப்பது குறித்த அரசியலமைப்புத் திருத்தம் 1995இல் தோற்று, சட்டமன்றமே கலைக்கப்பட்டுப் பொதுத் தேர்தல் வந்த நாடு இது. சிறு பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு இத்தனை எடை ஏறிய இடத்தில் பெற்றோர் பதறுவது எனக்குப் புரியாததல்ல.

ஆயினும் பள்ளி வாசலில் நீங்கள் பேசிக்கொண்டவற்றைக் கடிதத்திலிருந்து பார்க்கிறேன்: எத்தனை மதிப்பெண் போயிற்று, யார் யாருக்குப் போயிற்று, கேள்வி பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அங்கே ஒருவராவது அண்ணாந்து பார்த்ததாகக் குறிப்பு இல்லை. கேள்வி பாடநூலில் இருந்த வரிகளிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று நீங்கள் கேட்பதைப் பள்ளி ஏற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு அறிவியல் தாளும் வரலாற்றுத் தாளும் ஒரே வகையான மனப்பாடச் சோதனையாகிவிடும். அதில் உங்கள் மகளைவிட நினைவாற்றல் மிக்க பிள்ளைகள் முந்துவார்கள், டியூஷன் இன்னும் ஒரு மணி நேரம் நீளும்.

மனுவைக் கைவிட வேண்டாம், திருத்தி எழுதுங்கள். மதிப்பெண்ணைத் திருப்பித் தரும்படி கேட்கும் வரியை நீக்கிவிட்டு, அந்த வழிகாட்டி நூலை எந்த வகுப்பிலும் பயன்படுத்தக் கூடாது என்றும், மாதம் ஒருமுறை பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று நண்பகல் நிழலை அளந்து குறிக்கச் செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். டியூஷன் ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்த மனுவை எனக்கு அனுப்பினால், கையெழுத்திட்டு இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.