கேள்வி – பதில்: லூகர் கைப்பிடியில் இரண்டு எழுத்துகள்

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். இங்கே ஒரு ஏலத்துக்கு லூகர் பி.08 கைத்துப்பாக்கி வந்திருக்கிறது. கைப்பிடியின் முன்பட்டையில் 'எஸ்.டி.' என்று அடித்து, பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறது. ஹிட்லர் காலத்து உளவுப் பிரிவான எஸ்.டி. வைத்திருந்தது என்று சொல்லி, சாதாரண லூகரைப் போல மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். தோட்டா அறையின் மேல் 1920, 1917 என்று இரண்டு வருடம் வேறு. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். சரியான விலைக்கு வந்தால் தாராளமாக வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் கையில் கிடைக்கப்போவது ஏலக்காரர் சொல்லும் கதையைவிட எனக்கு மிகவும் பிடித்த வகைத் துப்பாக்கி.

'எஸ்' என்பது ஷுட்ஸ்போலிட்சை, அதாவது சீருடைப் போலீஸ். 'டி' என்பது டுசல்டார்ஃப். முதல் உலகப்போருக்குப் பிறகு பிரஷ்யப் போலீஸ் தன் ஆயுதங்களில் இப்படித்தான் முத்திரை அடித்தது: முதலில் பிரிவின் எழுத்து, அடுத்து ஊர் அல்லது மாவட்டம், கடைசியில் அந்தத் துப்பாக்கியின் எண். நாஜிக் கட்சியின் உளவுப் பிரிவான எஸ்.டி. தொடங்கியதே 1931-ல்தான். இரண்டுக்கும் எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டதால் எத்தனையோ டுசல்டார்ஃப் போலீஸ் துப்பாக்கிகள் உளவாளிகளின் துப்பாக்கிகளாக விற்கப்பட்டிருக்கின்றன. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு விற்றவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இப்போது அந்த இரண்டு வருடங்கள். துப்பாக்கி செய்யப்பட்டது 1917-ல். அப்போது அது ராணுவத்துக்குப் போனது. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான ஆயுதங்கள் வீடுகளிலும் தனிப்படைகளிலும் சிதறிக் கிடந்தன. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேரோடு நிறுத்தச் சொன்னது. 1920 ஆகஸ்டில் ஆயுதக் குறைப்புச் சட்டம் வந்து, மக்களிடம் இருந்த ராணுவ ஆயுதங்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படியானால் எது அரசாங்கத்துடையது, எது யாரோ எடுத்துப் போனது என்று எப்படிப் பிரிப்பது? அரசாங்கத்திடம் இருந்தவற்றில் '1920' என்று அடித்தார்கள். ஆகவே அது சொத்து முத்திரை, செய்த வருடம் அல்ல. உங்கள் ஏலத்துத் துப்பாக்கி 1917-ல் பிறந்து, போர்முனையைப் பார்த்து, 1920-ல் குடியரசின் சொத்தாகி, அப்புறம் டுசல்டார்ஃபில் ஒரு காவலரின் இடுப்பில் தொங்கியிருக்கிறது. இத்தனையும் நான்கைந்து முத்திரைகளில் படிக்கக் கிடைக்கிறது, இதற்கு மேல் ஒரு உளவாளிக் கதை எதற்கு?

இன்னொன்றையும் பாருங்கள். லூகரில் சுத்தியலை விடுவிக்கும் நீண்ட இரும்புச் சட்டம் துப்பாக்கியின் இடதுபக்கம் வெளியிலேயே கிடக்கும். உண்மையில் அதில் சுத்தியல் கிடையாது, ஊசிதான், ஆனால் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோம். அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்க, மேல் பாதியைக் கழற்றிக் கையில் பிடித்தால், அந்தச் சட்டத்தில் விரல் பட்டாலே போதும், விசையே இல்லாமல் வெடிக்கும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது இப்படி ஆபத்து வருவதால், 1930-களில் போலீஸ் லூகர்களில் பக்கத் தகட்டுக்கு மேலே ஒரு தட்டையான வில் பட்டையைச் சேர்த்தார்கள். தகட்டைக் கழற்றினால் பட்டை வந்து சட்டத்தைத் தடுத்துவிடும். உங்கள் துப்பாக்கியில் அந்தப் பட்டை இருந்தால் போலீஸ் முத்திரைக்கு நல்ல துணைச் சாட்சி. இல்லாவிட்டால் அதை மட்டும் வைத்து சந்தேகப்பட வேண்டாம், பிற்காலத்தில் நிறையப் பேர் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், இருந்த இடத்தில் அடையாளம் மட்டும் தெரியும். பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையில் எடுத்தவுடன் மேகசினை உருவி, பூட்டை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம்தான் பூதக்கண்ணாடி.

ஜெர்மனியில் இதை வாங்க ஆயுத உரிம அட்டை இல்லாமல் முடியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள புகைப்படத்தில் லூகர் கைப்பிடியில் 'பி.8.ஆர்.5.21' என்று இருக்கிறது. தொடர் எண்ணா இது?

பதில்: இல்லை, படைப்பிரிவு முத்திரை. பவேரிய ராணுவத்தின் 8-வது காலாட்படை ரெஜிமென்ட், 5-வது கம்பெனி, 21-வது துப்பாக்கி. முன்னால் உள்ள 'பி'தான் பவேரியா. தொடர் எண் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் முன்பக்கத்திலும் குழலிலும் இருக்கும், அதன் கீழே சாய்வெழுத்தில் ஒரு சின்ன எழுத்தும் இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி, பத்தாயிரத்தைத் தொட்டதும் 'ஏ' என்று சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள், அது நிறைந்ததும் 'பி', இப்படியே போகும். அதனால் தொடர் எண்ணை எழுதி அனுப்பும்போது அந்த எழுத்தையும் வருடத்தையும் விடாமல் எழுதுங்கள். இரண்டும் இல்லாத வெறும் எண்ணை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: கழுகு முத்திரை இருந்தால் ராணுவத்துடையது என்று அர்த்தமா? என் வால்தர் பி.பி.கே.யில் கழுகும் அதன் கீழ் 'சி' என்ற எழுத்தும் இருக்கிறது.

பதில்: கழுகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழுகின் காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண் இருந்தால் ராணுவ ஆயுத அலுவலகத்தின் ஆய்வாளர் ஏற்றுக்கொண்டது: 359 என்றால் வால்தர் தொழிற்சாலை, 63, 655, 135 மூன்றும் வெவ்வேறு காலத்து மவுசர் தொழிற்சாலை, 88 என்றால் ஸ்பிரீவெர்க் தொழிற்சாலை. 'என்' இருந்தால் அது தோட்டாவின் அழுத்தத்தைத் துப்பாக்கி தாங்குமா என்று பார்க்கும் சாதாரண வெடிமருந்துச் சோதனை, கடையில் விற்ற துப்பாக்கியிலும் இருக்கும். அதே சோதனைக்கு 1940-க்கு முன்பு கழுகுக்குப் பதில் கிரீடம் போட்டார்கள், அதனால் கிரீடமும் 'என்'னும் உள்ள பி.பி.கே. என்றால் 1940-க்கு முற்பட்டது என்று ஓரளவு நம்பலாம். 'சி', 'எஃப்', 'எல்' மூன்றும் போலீஸ். உங்களுடையது போலீஸ் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. பி.பி. என்பதன் விரிவே போலீஸ் பிஸ்டல்தான், 1929-ல் வந்தது, அதைச் சிறிதாக்கிச் சாதாரண உடையில் போகும் துப்பறிவாளர்களுக்காகச் செய்தது பி.பி.கே.

ராணுவத் துப்பாக்கியில் தொழிற்சாலையின் பெயரையே மறைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1934 முதல் மவுசர் தொழிற்சாலை செய்த லூகர்களில் 'எஸ்/42', பிறகு வெறும் '42', பிறகு 1941, 42-ல் 'பி.ஒய்.எஃப்.'. வால்தர் பி.38 என்ற ராணுவக் கைத்துப்பாக்கியில் முதலில் '480', உடனே 'ஏ.சி.'க்கு மாறிவிட்டது. ஸ்பிரீவெர்க்குக்கு 'சி.ஒய்.கியூ.'. மவுசர் செய்த பி.38-லும் 'பி.ஒய்.எஃப்.' இருக்கும், 1945-ல் அதுவும் 'எஸ்.வி.டபிள்யூ.' ஆனது. எனவே 'பி.ஒய்.எஃப். 44' என்று அடித்த லூகரை யாராவது உங்களிடம் நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

கேள்வி: போலி முத்திரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் 'எல்லா எண்களும் ஒத்துப்போகும்' என்ற உறுதியோடு ஒரு லூகரை வாங்கிவந்தார். ராணுவ லூகரில் ஏறக்குறைய ஒவ்வொரு சிறு பாகத்திலும் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும், அவரிடம் இருந்ததில் எல்லாமே 38. மேசைமேல் விளக்கைச் சாய்த்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விசையில் உள்ள 3-க்கு மேல்பக்கம் உருண்டை. பிரிப்பு நெம்புகோலில் உள்ள 3-க்கு மேல்பக்கம் தட்டை. சரி, இரண்டு அச்சு இருந்திருக்கலாம் என்று அடுத்ததைப் பார்த்தோம். நெம்புகோலின் எண்ணைச் சுற்றி இரும்பு வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது, பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு இதை அடித்திருக்கிறார்கள். உளியால் அடித்த எழுத்தின் விளிம்பில் இரும்பு மெல்லியதாகப் பிதுங்கி நிற்கும், விரல் நுனியில் கூடத் தட்டுப்படும். தேய்த்து மறுபடி நீலம் பூசிய துப்பாக்கியில் அந்த விளிம்பு செத்துப்போயிருக்கும். நண்பர் அன்று சாப்பிடவே இல்லை.

நிறமும் பேசும். 1937 வரைக்கும் மவுசர் லூகர்களில் விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு பாகங்களைச் சூடாக்கி வைக்கோல் மஞ்சளாக விட்டிருப்பார்கள், மற்றதெல்லாம் ஆழ்ந்த கருநீலம். அதற்குப் பிறகு எல்லாமே நீலம். 1941 என்று அடித்த மவுசர் லூகரில் மஞ்சள் விசை இருந்தால் யாரோ அழகுக்காகப் போட்டது. மேகசினின் அடிக்கட்டையில் உள்ள எண்ணையும் கேளுங்கள், துப்பாக்கிக்கு இரண்டு மேகசின் கொடுத்ததால் இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறி இருக்கும். தன் சொந்த இரண்டு மேகசின்களோடும் உள்ள ஒரு லூகரைக் கையில் எடுக்கும் நாள் எனக்கெல்லாம் திருவிழா.

ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி அடித்த துப்பாக்கியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். நன்றாக இருந்த எத்தனையோ துப்பாக்கிகளை அந்தப் போலிக் குறிக்காகவே கெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: கைப்பிடி மரத்தில் பெரிதாக 9 என்று செதுக்கி, சிவப்பு பூசிய மவுசர் துப்பாக்கியைப் பார்த்தேன். அது என்ன போட்டி எண்ணா?

பதில்: தோட்டாவின் அளவு. மவுசர் சி96 வழக்கமாக 7.63 மி.மீ. 1916-ல் பிரஷ்ய ராணுவம் அதையே 9 மி.மீ. அளவில் 1,50,000 கேட்டது. வெளித்தோற்றம் ஒன்றுதான், அவசரத்தில் சிப்பாய் தோட்டாவை மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று கைப்பிடியில் 9 செதுக்கிச் சிவப்பு பூசினார்கள். இன்று நிறையக் கைப்பிடிகளில் அந்தச் சிவப்பு உதிர்ந்து வெறும் பள்ளம்தான் இருக்கிறது. தயவுசெய்து புதிதாகப் பூசாதீர்கள்.

கேள்வி: மதுரையில் எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி கிடைத்தது. பழம்பொருள்தானே, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். நூறு வயதான லூகர்கூட எண்ணெய் போட்டால் சுடும், அதிலும் 9 மி.மீ. நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட அளவு. அதனால் பெட்டியை மூடிவைத்துவிட்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அவர் மூலமாகக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். நீங்களே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். அதுவரை துருவைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாளைத் தொடாதீர்கள். உங்கள் தாத்தா எந்தப் போர்முனையிலிருந்து அதைக் கொண்டுவந்தார் என்பதற்கு அந்தச் சின்ன முத்திரைகளில்தான் துப்பு இருக்கிறது, உப்புத்தாள் முதலில் தின்பதும் அவற்றைத்தான்.