புதுப் பிரிவை எங்கே வைப்பது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மசாலாத்தூள் தொழிற்சாலை நடத்துகிறோம். தரச் சோதனைக்குப் புதுப் பிரிவு வேண்டும். லோடிங் பே (லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) பக்கம் இடம் காலியாக இருக்கிறது, அங்கேயே போட்டுவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. இடம் காலியாக இருப்பது ஒரு காரணமே இல்லை. புதுப் பிரிவுக்கும் மற்ற ஒவ்வொரு பிரிவுக்கும் இடையே தினமும் எத்தனை தடவை டிராலி போய்வரும் என்று முதலில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஒரே நடைபாதையில் ஸ்டோர் 0 மீட்டரில் (40 தடவை), அரவை 20-இல் (25), பேக்கிங் 50-இல் (60), லோடிங் பே 70-இல் (15) என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 140, அதில் பாதி 70. ஒரு முனையிலிருந்து தடவைகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் 40, 65, அப்புறம் 125. பாதியைத் தாண்டும் இடம் பேக்கிங், ஆகவே அதன் பக்கத்தில் வைத்தால்தான் நடை மிகக் குறைவு. குறுக்கு நடைபாதையும் இருந்தால் அந்தத் திசைக்கும் இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள், டிராலி சுவரைத் துளைத்துக் குறுக்கே போகாது அல்லவா!

தூரம் மட்டும் போதாது. அரவைத் தூள் பறக்கும் இடத்தை ஒட்டித் தராசும் ஈரப்பதமானியும் வைத்தால் அளவு சரியாக வராது. தடுப்புச் சுவர் எழுப்புவதென்றால், குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு அனுமதி பற்றித் தகுதிபெற்ற நிபுணரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பேக்கிங் பக்கம் இடமில்லையா? அங்கே அடுக்கியிருக்கும் காலி அட்டைப்பெட்டிகளை லோடிங் பே பக்கம் மாற்றிப் பாருங்கள்.