மாத்திரை பாட்டில் இருக்கட்டும், பரிசோதனை என்ன ஆச்சு?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மயிலாப்பூரில் தனியாக இருக்கிறார். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, இதயத்துக்கு நல்லது என்று கோ-என்சைம் க்யூ10 என்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை அனுப்பினான். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார், தெம்பாக இருக்கிறது என்கிறார். கூட்டிப்போக ஆளில்லாமல் மூன்று மாதமாக ரத்தப் பரிசோதனை விட்டுப்போயிருக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா? பக்கவிளைவு உண்டா?
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: மூன்று மாதமாக ஐ.என்.ஆர். - ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை - பார்க்கவில்லை என்பதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள் அம்மா. என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

வார்ஃபரின் அதிகமானால் உள்ளே ரத்தம் கசியும். போதாமல் போனால் வால்விலேயே ரத்தம் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தி வைப்பது அந்தப் பரிசோதனைதான். அது இல்லாமல் வார்ஃபரினை விழுங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு அண்ணா சாலையைக் கடப்பது மாதிரி. தெம்பாக இருக்கிறாராம்! அளவு ஏறினாலும் இறங்கினாலும் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது.

சரி, க்யூ10-க்கு வருகிறேன். நம் உடம்பே தயாரிக்கும் பொருள் அது. செல்கள் சக்தி உண்டாக்க உதவுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு உண்டு. கொழுப்பு மாத்திரையால் வரும் தசைவலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் முடிவுகள் முன்னுக்குப் பின் முரண். வயிற்றுப் புரட்டல், பேதி, தூக்கம் கெடுவது, பிரஷர் கொஞ்சம் இறங்குவது - பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தொந்தரவு இல்லை. உங்கள் அப்பா அந்தப் பெரும்பாலோரில் சேர்த்தி இல்லை. க்யூ10-இன் அமைப்பு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது. வார்ஃபரின் வேலையை அது குறைத்ததாக டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சிறிய ஆய்வில் அப்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு எப்படி என்பதை அவர் ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்று தம்பி நினைத்திருப்பார். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. 1994-லேயே வெளிவந்த சேதி.

ஆளில்லையா? இரண்டு பிள்ளைகள் இருக்கிறீர்களே! சோழிங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூர் என்ன வெளிநாடா? மாதத்தில் ஒரு காலை அப்பாவுக்கு இல்லையென்றால் என்ன பிழைப்பு அது? லேப்காரர்கள் இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரிடம் பேசப் பெற்ற பிள்ளைதான் வேண்டும். மகளுக்கு ஒரு கடமை, மகனுக்கு ஒரு கடமை என்று நான் பிரிப்பதில்லை. பார்சல் அனுப்பியதோடு தம்பி கைகழுவிவிட முடியாது.

நாளைக் காலையே ரத்தம் எடுக்கச் செய்யுங்கள். ரிப்போர்ட்டோடு அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். க்யூ10-ஐத் திடீரென்று நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். அளவு மாறலாம். இதற்கிடையில் ஈறில் ரத்தம், கறுப்பு மலம் என்றால் அன்றே டாக்டர். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.

அப்புறம், தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். பரிசோதனைத் தேதியை அவர் நினைவில் வைத்து, அன்று அப்பாவுக்கு போன் போட்டு, ஐ.என்.ஆர். எவ்வளவு என்று கேட்டு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.