உர வேதியியலில் ஒரு வேலைக்காலம்: கேட்டவையும் சொன்னவையும்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அப்புறம் சிங்கப்பூர் வந்து, எண்ணெய்ப்பனைக்கான உரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கேள்வி அனுப்பச் சொன்னதற்கு நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வயலே இல்லாத ஊரில் உர ஆராய்ச்சியாளருக்கு என்ன வேலை அக்கா? (ஜூரோங் வெஸ்ட்)

லிம் சூ காங் பண்ணைக்காரர்கள் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்! ஆனால் எங்கள் வயல் ஜொகூரிலும் சுமத்ராவிலும் சரவாக்கிலும் இருந்தது. எண்ணெய்ப்பனையில் மேலிருந்து எண்ணி 17ஆம் ஓலையிலிருந்து இலை வெட்டி, உலர்த்தி, அரைத்து அனுப்புவார்கள். அதில் தழை, மணி, சாம்பல் சத்துகள் எவ்வளவு என்று பார்த்து, அடுத்த ஆண்டு எந்த உரம், எத்தனை கிலோ என்று சொல்வோம். ஏன் 17 என்றால், அது மிக இளசும் இல்லை, முற்றலும் இல்லை. எல்லாத் தோட்டத்திலும் அதையே எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

பெண் என்பதால் தடை இருந்ததா? (தொடக்கக் கல்லூரி மாணவி)

இருந்தது, அதுவும் சட்டப் புத்தகத்திலேயே. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆலையில் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. யூரியா உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைச் செய்யும் ஆலையோ இரவு பகல் நிற்காமல் ஓடுவது. மூன்று ஷிப்டும் பார்க்க முடியாதவளுக்கு உற்பத்திப் பிரிவில் இடமில்லை. என்னோடு சேர்ந்த பையன்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனபோது நான் பகல் நேர ஜெனரல் ஷிப்டில் உட்கார்ந்து பையூரெட் அளந்துகொண்டிருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

பையூரெட் என்ன என்று கேட்பாய். உருகிய யூரியா கூடுதல் நேரம் சூட்டில் நின்றால், இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் அம்மோனியாவை வெளியே விட்டு பையூரெட் ஆகிவிடும். காரக் கரைசலில் காப்பர் சல்பேட் சேர்த்தால் ஊதா நிறம் காட்டும். மண்ணில் போடும் யூரியாவில் 1 சதவீதம் இருந்தால் பெரிதாகத் தெரியாது. அதையே கரைத்து இலையில் தெளித்தால் எலுமிச்சை வகைகளின் இலை நுனி மஞ்சளாகும், அன்னாசியும் தாங்காது. கொஞ்ச காலத்தில், மாதிரியின் ஊதாவைப் பார்த்தே ஆலையில் எங்கோ உருகிய யூரியா தேங்கி நிற்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் காலையில் என் மேசைக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஆராய்ச்சி எனக்கு அப்படி ஒதுக்கிவைத்த இடத்தில்தான் பிடிபட்டது. அதற்காக அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

இந்தத் துறையில் முன்னோடிப் பெண்கள் யார் மேடம்? (புவோனா விஸ்தா)

நான் முதலில் சொல்வது கேத்தரின் வாரிங்டன். தாவரவியலாளர்தான், வேதியியலாளர் அல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட துறைத் தலைவரும் ஒரு பெண்தான், வினிஃப்ரெட் பிரெஞ்ச்லி. போரான் என்ற நுண்சத்து இல்லாமல் அகன்ற அவரை (broad bean) என்னும் பயிர் சரியாக வளராது என்று வாரிங்டன் 1923இல் காட்டினார். இன்று எண்ணெய்ப்பனையில் ஓலை நுனி கொக்கி மாதிரி வளைந்தால் தோட்டக்காரர் போரான் தரும் போரேட் உரத்தைத் தேடுகிறாரே, அதற்கு வேர் அங்கேதான். கொஞ்சம் கூடினாலும் நஞ்சு என்பதால் இதில் அளவுதான் எல்லாம்.

வாங்கி வைத்த யூரியா தண்ணீராகிவிட்டது. போலியா? (பாசிர் ரிஸ்)

இல்லை. 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் சுமார் 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ச் சராசரியே 80க்கு மேல். இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அம்மோனியம் நைட்ரேட் என்ற இன்னொரு உரத்தோடு மட்டும் கலக்கவே வேண்டாம்; அந்தக் கலவை 18 சதவீத ஈரத்திலேயே கசியும்.

பெய்ரூட்டில் வெடித்தது இதுதானே? (அதே நபர்)

அது அம்மோனியம் நைட்ரேட், 2,750 டன். யூரியா வேறு பொருள்.

புளோக் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன் அம்மா. யூரியா போடலாமா? (ஈசூனிலிருந்து ஓர் ஐயா)

வேண்டாம் ஐயா. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், சின்னத் தொட்டிக்கு ஒரு கரண்டியே அதிகம், வேர் கருகும். மேலே தூவினால் பாதி அம்மோனியாவாகப் பறந்தும் போகலாம். சத்தை மெதுவாக வெளியே விடும், பூச்சு போட்ட உர உருண்டைகளை வாங்குங்கள். பையில் ‘6 மாதம்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் 21 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. சூடு கூடினால் சத்து வேகமாக வெளியேறும், அதனால் இங்கே அவ்வளவு நாள் வராது. நாலு மாதத்தில் செடியைப் பார்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மகள் வேதியியல் படிக்கட்டுமா, வேதிப் பொறியியலா? (செங்காங்)

ஆலை ஓட்டப் பிடித்தால் பொறியியல். ஏன் ஓடவில்லை என்று நோண்டப் பிடித்தால் வேதியியல். எதை எடுத்தாலும் மண்ணியல் பாடம் ஒன்றாவது படிக்கச் சொல்லுங்கள். உரம் செய்யத் தெரிந்தவர்கள் ஏராளம், அது மண்ணுக்குள் போனதும் என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களைத்தான் வேலைக்குத் தேடுகிறார்கள்.