ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு

“மகள் பி.காம் இரண்டாம் வருஷம். தொண்டு நிறுவனத்திலோ சின்னக் கம்பெனியிலோ மேனேஜராகணும்கிறா. அதுக்குத் தனியா ஏதும் படிக்கணுமா? சம்பளம் நிலையா வருமா?” பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கும் உள்ள கேள்விகள் இவை.

தனிப் படிப்பு வேண்டாம். பி.காம், பி.பி.ஏ, பி.ஏ எதுவும் போதும். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் நிஜமான ஒரு குழுவின் அல்லது கடையின் கணக்கை ஏப்ரல் முதல் மார்ச் வரை அவள் தன் கையாலேயே எழுதி முடித்திருக்க வேண்டும்.

ஒரு மாத இன்டர்ன்ஷிப் இதற்கு ஈடாகாது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்து குறைந்தாலும் வாடகையும் கடன் தவணையும் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது. பிப்ரவரிக் கணக்கை மட்டும் பார்த்தவளுக்கு இந்த இரண்டு பள்ளங்களும் கண்ணில் படாது. மார்ச்சிலேயே இரண்டு மாதச் செலவை ஒதுக்கி வைக்கச் சொல்பவர்தான் நல்ல மேனேஜர்.

தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு, கருவாட்டு வியாபாரம், பனை ஓலைப் பொருள் செய்பவர்கள், சொந்தக்காரர் கடை என எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ரொக்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், சரக்கு இருப்புப் புத்தகம், வவுச்சர் ஃபைல் என நான்கு போதும். முதல் மூன்று மாதம் கையால் எழுதட்டும், பிறகு எக்ஸெல், டேலி போன்ற கணினி மென்பொருள். மாதக் கடைசியில் வங்கி தரும் பாஸ்புக்கை அவள் எழுதிய வங்கிப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். விற்ற பணம் வீட்டுக்காரரின் சொந்த ஜிபே நம்பருக்குப் போய், வீட்டுச் செலவோடு கலந்துவிடும். அதனால் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு கட்டாயம். ஆட்டோ வாடகை, ஐஸ் போன்றவற்றுக்கு பில் கிடைக்காது. அன்றே தேதி, தொகை, காரணம், வாங்கியவர் கையெழுத்து என ஒரு வவுச்சர் எழுதாவிட்டால், ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடக்க விலை போடுவதையும் இங்கேதான் கற்க முடியும். பச்சை நெத்திலி நாலு கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடு. பச்சை மீன் கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் நாலு கிலோ 280. உப்பு, கூலி, பை, பஸ் சார்ஜ் 60. அடக்கம் 340. அதை 320-க்கு விற்றால் கையில் காசு புரளும், ஆனால் கிலோவுக்கு 20 ரூபாய் நட்டம். வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி போடாமல் விட்டால் இந்த நட்டம் தெரியவே தெரியாது. அந்தக் கூலியை எழுதாத கணக்கைக் கணக்கு என்றே சொல்லக்கூடாது.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

தொண்டு நிறுவனத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூபாயும் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று காட்ட வேண்டும். வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர முடியும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொன்றின் சம்பளத்துக்குச் சமாளிப்பதுதான் பல அமைப்புகளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

மாதம் ஒரு பக்க அறிக்கையும் எழுதிப் பழகட்டும், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். “பயிற்சிக்கு 40 பேர் வந்தார்கள்” என்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் தொழிலைத் தொடர்கிறார்கள் என்று எழுத வேண்டும்.

சம்பளம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இந்த வேலைகள் பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரைதான். சேரும் முன்பே, திட்டம் எத்தனை வருஷம், பி.எஃப் உண்டா, பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பி.எஃப் சட்டம் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான், சின்ன இடத்தில் அது இல்லாமல் போகலாம். குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடப்பதால் கடைசி பஸ் நேரத்தையும் விசாரியுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த ஒரு வருஷ ஃபைலின் நகலைக் கொண்டுபோகட்டும். குழுத் தலைவியிடம் அனுமதி கேட்டு, உறுப்பினர்களின் பெயரையும் கடன் தொகையையும் மறைத்த பிறகு.